செப்டெம்பர் முற்றமும் எங்கள் விளக்குமாறும்

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலமாவது வைத்திருக்கும் எங்கள் உறவுகளுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு இருந்து ஆறுதலாக வாசியுங்கள்.

செப்டெம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கதைதான். "கார்டன் துப்புரவாக்க ஆரும் ஆள் இருந்தால் சொல்லுங்கோ", "குளிருக்கு முதல் எல்லாத்தையும் வெட்டிப்போடவேணும்", "அந்த ஐவிக் கொடியை வேரோட பிடுங்க என்ன மருந்து அடிக்கிறது?" இரண்டு கிழமைக்குள் வேலி ஓரம் மொட்டை. பூத்து முடிந்த செடிகள் மொட்டை. விழுந்த இலையெல்லாம் கவுன்சிலின் தோட்டக் குப்பைத் தொட்டிக்குள். பல கவுன்சில்கள் அந்தத் தொட்டிக்கு வருடாவருடம் தனியாகக் காசும் வாங்குகின்றன.

என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துப்புரவை மார்ச் கடைசிக்கோ ஏப்ரலுக்கோ தள்ளிப்போடுங்கள். செப்டெம்பரில் தோட்டத்தில் நாங்கள் காணும் ஒவ்வொரு மாற்றமும், ஒரு உயிர் குளிர்காலத்துக்கு வீடு தேடுகிறது அல்லது சாப்பாடு சேர்க்கிறது என்பதற்கான அடையாளம். அந்த நேரம் பார்த்து நாங்கள் விளக்குமாற்றோடு இறங்குகிறோம்.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். கண்ணால் பார்க்கக்கூடியதில் இருந்து தொடங்குவதுதான் என் வழக்கம். ஆகவே முதலில் அந்த அடையாளங்கள்.

முதலாவது வெளிச்சம். செப்டெம்பர் முதலாம் திகதி லண்டனில் பகல் ஏறத்தாழ பதின்மூன்றரை மணித்தியாலம். 22 அல்லது 23ஆம் திகதி வரும்போது இரவும் பகலும் ஏறக்குறையச் சமமாகிவிடும். ஒரு நாளைக்கு நாலு நிமிடம் அளவில் குறைந்துகொண்டே போகும். எங்களுக்கு இது மெல்லத்தான் தெரியும். மரத்துக்கும் பறவைக்கும் நன்றாகவே தெரியும். குளிர் ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். பகலின் நீளம் மட்டும் எந்த வருடமும் பிசகாது. அதனால் பெரும்பாலான உயிர்கள் அதை நம்பித்தான் தங்கள் வேலையைத் தொடங்குகின்றன.

எங்கள் தமிழ் வீடுகளில் இதற்கென்று தனி அடையாளம் ஒன்று உண்டு. கறிவேப்பிலைச் சாடி வீட்டுக்குள் வருவது! இரவு வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் அது வாடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். காலநிலை அறிக்கையை அதற்காகவே பார்க்கும் அம்மாமாரை எனக்குத் தெரியும். வல்லாரைச் சாடி, மிளகாய்க் கன்று எல்லாம் யன்னலோரம் வரிசைக்கு வந்துவிடும். பழுக்காத தக்காளிக்காய் கறியாகும், சட்னியாகும். எங்கள் செடிகளுக்கு இவ்வளவு கரிசனையோடு குளிருக்கு இடம் கொடுக்கிற நாங்கள், வெளியே இருக்கிற மற்ற உயிர்களுக்கும் கொஞ்சம் இடம் விட்டால் என்ன?

சிலந்தியைப் பாருங்கள். செப்டெம்பர் விடியற்காலையில் பனித்துளி பிடித்த வலைகள் செடிக்குச் செடி தொங்கும். முதுகில் வெள்ளைப் புள்ளிகளாலான சிலுவை அடையாளத்தோடு வலை நடுவே இருப்பது தோட்டச் சிலந்தியின் பெண். வருடம் முழுக்க அது தோட்டத்தில்தான் இருந்தது. இப்போதுதான் முழு வளர்ச்சி அடைந்து எங்கள் கண்ணுக்குப் படுகிறது. இன்னும் சில கிழமைகளில் பட்டுநூலால் ஒரு கூடு பின்னி, முட்டையிட்டு, அதன் பக்கத்திலேயே இருந்து செத்துப்போகும். குஞ்சுகள் வெளியே வருவது அடுத்த வசந்தத்தில். அந்த முட்டைக்கூடு இருப்பது வேலி இடுக்கிலும், மரப்பட்டைக்குக் கீழும், காய்ந்த தண்டுகளிலும். ஒக்டோபரில் எல்லாவற்றையும் வெட்டி ஏற்றினால் அடுத்த வருடத்துச் சிலந்தியும் அதோடு போய்விடும். பிறகு "ஏன் இந்த முறை இவ்வளவு நுளம்பும் இலையானும்?" என்று கேட்கிறோம்.

வீட்டுக்குள் நீளக் காலோடு ஓடும் பெரிய சிலந்தியைக் கண்டு பேரப்பிள்ளைகள் கத்துவதும் இந்த மாதம்தான். அது பெண்ணைத் தேடித் திரியும் ஆண். எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஒரு கிளாசால் மூடி, மட்டையைக் கீழே செருகித் தூக்கி, கராஜுக்குள் விட்டுவிடுங்கள். செருப்பு எடுக்க வேண்டாம்.

அடுத்தது குளவி. கோடை முழுக்கப் பேசாமல் இருந்த குளவி, ஓகஸ்ட் கடைசியில் இருந்து ஏன் எங்கள் தேநீரையும் ஜாம் போத்தலையும் தேடி வருகிறது? கோடையில் வேலைக்காரக் குளவிகள் பூச்சிகளையும் மயிர்க்கொட்டிகளையும் பிடித்துக்கொண்டுபோய்க் கூட்டில் உள்ள குடம்பிகளுக்கு ஊட்டும். குடம்பிகள் பதிலுக்கு ஒரு இனிப்பான திரவத்தைச் சுரந்து கொடுக்கும். அதுதான் வேலைக்காரக் குளவியின் சாப்பாடு. கோடை முடிய, கூட்டில் குடம்பிகள் குறைந்துவிடும். ஊட்ட ஆளில்லை, இனிப்பும் இல்லை. அதுதான் விழுந்த பிளம்ஸ் பழத்துக்கும் எங்கள் மேசைக்கும் வருகிறது. முதல் உறைபனிகளோடு அந்தக் கூடே அழிந்துவிடும். புதிய ராணிகள் மட்டும் எங்காவது ஒதுங்கிக் குளிரைக் கடக்கும். இன்னும் சில கிழமை பொறுத்தால் தானாகத் தீர்கிற விசயத்துக்கு நாங்கள் மருந்து அடிக்கிறோம்.

பம்பிள் தேனீயின் கதையும் இதுதான். பழைய ராணியும் வேலைக்காரத் தேனீக்களும் இலையுதிர்காலத்தோடு முடிந்துவிடும். கருவுற்ற இளம் ராணி மட்டும் வயிறுமுட்டத் தேன் குடித்துவிட்டு, வேலியோர மண்ணைத் தோண்டி உள்ளே போய்ப் படுத்துவிடும். அடுத்த வருடக் குடும்பம் முழுக்க அந்த ஒன்றுக்குள் இருக்கிறது. செப்டெம்பரில் உங்கள் தோட்டத்தில் மெதுவாகப் பறக்கும் ஒரு பருத்த தேனீயைக் கண்டால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் பிடுங்கத் துடிக்கும் ஐவிக் கொடிக்கு வருகிறேன். வேறு பூவெல்லாம் முடிந்தபிறகுதான் அது பூக்கும், செப்டெம்பரில் இருந்து நவம்பர் வரைக்கும். பார்க்க அழகில்லாத பச்சை மஞ்சள் பூ. ஒரு வெயில் நாளில் அதற்குக் கிட்டப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தேனீ, குளவி, பூ ஈ, ரெட் அட்மிரல் வண்ணத்துப்பூச்சி என்று ஒரு சந்தையே நடக்கும். குளிருக்கு முன் கிடைக்கும் கடைசிப் பெரிய சாப்பாடு அது. இதன் பெயரிலேயே ஐவித் தேனீ என்று ஒன்று உண்டு. 2001இல்தான் இந்த நாட்டில், டோர்செட் பகுதியில், முதன்முதலாகக் காணப்பட்டது. அதற்குப் பிறகு வடக்கு நோக்கிப் பரவி வந்திருக்கிறது. எங்களைப்போல அதுவும் பிந்தி வந்து குடியேறியதுதான். ஐவி பூக்கும் காலத்தைப் பார்த்தே அது வெளியில் வருகிறது. அந்தப் பூ காயாகிப் பழுப்பது பின்குளிர் காலத்தில். அந்தப் பட்டினி நேரத்தில் பிளாக்பேர்டும் காட்டுப்புறாவும் அதைத்தான் தின்னும். சுவரைக் கெடுக்கிற இடத்தில் வெட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்வேலியில் ஒரு பக்கமாவது விட்டுவையுங்கள்.

பறவைகளையும் சொல்லவேண்டும். கீச்சுக் கீச்சென்று கூரைக்கு மேல் சுற்றிய சுவிப்ட் பறவைகள் ஓகஸ்ட் தொடக்கத்திலேயே போய்விட்டன. நகரத்துக்கு வெளியே போனால் தகைவிலான்கள் கம்பியில் வரிசையாக இருந்து பயணத்துக்கு ஆயத்தமாவதைக் காணலாம். இங்கிருந்து போகிறவை தென்னாபிரிக்கா வரைக்கும் பறக்கும். மற்றப் பறவைகள் பாட்டை நிறுத்திய நேரத்தில் தனியாகப் பாடிக்கொண்டிருப்பது றொபின். குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி எல்லை பிடிக்கும், இரண்டும் பாடும். "இது என்ர வளவு" என்பதுதான் அந்தப் பாட்டின் பொருள். எங்கள் ஊர் எல்லை வழக்குகளைவிட இனிமையான முறை.

காய்ந்த லவெண்டர், சூரியகாந்தித் தலைகளை வெட்டாமல் விட்டவர்கள் வீட்டுக்குக் கோல்ட்பின்ச் குருவிகள் கூட்டமாக வரும், விதை பொறுக்க. கருவாலி மரம் பக்கத்தில் இருந்தால் ஜே பறவையும் சாம்பல் அணிலும் கொட்டைகளை உங்கள் பூச்சாடிக்குள் புதைக்கும். மறந்துபோன கொட்டைகளில் சில முளைக்கும். இந்த நாட்டுக் கருவாலிக் காடுகளின் பரம்பலுக்கு ஜே பறவையின் இந்த வேலை பெரிய உதவி.

கடைசியாக முள்ளெலி. முள்ளம்பன்றி வேறு, இது வேறு. கைக்குள் அடங்கும் அளவான, இரவில் நடமாடும் சின்னப் பிராணி. நவம்பர் அளவில் உறங்கப்போய் மார்ச், ஏப்ரலில்தான் எழும்பும். அதற்கு முன் நன்றாகத் தின்று கொழுக்கவேண்டும். மெலிந்த குட்டி குளிரைத் தாங்காது. அது தூங்குகிற கூடு எதால் கட்டப்படுகிறது தெரியுமா? காய்ந்த இலையால். நாங்கள் காசு கொடுத்து ஏற்றி அனுப்புகிறோமே, அதே இலையால். 2022இல் வந்த ஒரு அறிக்கை, நாட்டுப்புறங்களில் முள்ளெலிகள் 2000ஆம் ஆண்டில் இருந்து இடத்துக்கு இடம் 30 முதல் 75 வீதம் வரை குறைந்துவிட்டன என்று சொன்னது. நகர்ப்புறத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அதாவது அதற்கு மிஞ்சியிருக்கும் புகலிடங்களில் முக்கியமானது எங்கள் வீட்டுப் பின்வளவுகள்தான். இதை ஒரு பெரிய பொறுப்பாக நான் பார்க்கிறேன்.

இனி, இவ்வளவு தெரிந்தும் ஏன் கூட்டுகிறோம் என்ற கேள்வி. இது சோம்பலோ கெட்ட எண்ணமோ இல்லை. முற்றம் கூட்டுவது எங்கள் ரத்தத்தில் ஊறியது. விடிய எழும்பி முற்றம் கூட்டித் தண்ணி தெளிக்காத வீட்டை வீடென்று மதிக்காத ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கு அங்கே நல்ல காரணமும் இருந்தது. சருகுக்குள் பாம்பு கிடக்கும், தேள் கிடக்கும், மட்டத்தேள் கிடக்கும். தேங்கிய தண்ணியில் நுளம்பு பெருகும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடித் திரிகிற முற்றம் அது. கூட்டத்தான் வேண்டும்.

லண்டன் வேலியோரச் சருகுக்குள் விரியன் பாம்பும் இல்லை, மட்டத்தேளும் இல்லை. காரணம் அங்கேயே நின்றுவிட்டது. பழக்கம் மட்டும் எங்களோடு விமானம் ஏறி வந்திருக்கிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஊரில் கூட்டிய சருகை யாராவது காசு கொடுத்து வெளியே அனுப்பினார்களா? அது தென்னை அடிக்குப் போனது, வாழைப் பாத்திக்குப் போனது. பூவரசங்குழையும் சீமைக்கிளுவைக் குழையும் வெட்டித் தோட்டத்து மண்ணுக்குள் தாழ்த்தினார்கள் எங்கள் அப்பாமார். இலை மண்ணுக்குத்தான் சொந்தம் என்பது அவர்களுக்கு யாரும் படிப்பித்த விசயமில்லை. குழை தாழ்த்திய சனத்தின் பிள்ளைகள் இன்று இலையைத் தொட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, வசந்தம் வந்ததும் கடையில் உரப் பை வாங்கிச் சுமக்கிறோம். விளக்குமாற்றைப் பிடித்த எங்களுக்கு அந்தச் சருகு போன இடம் மறந்துவிட்டது. பாரம்பரியம் என்று பேசுபவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துப் பேசவேண்டும்.

இதைவிடக் கவலை தருவது, முன்பக்கத்தை முழுக்கக் கல் பதித்துக் கார் தரிப்பிடம் ஆக்குவதும், பின்பக்கத்துக்கு பிளாஸ்ரிக் புல் விரிப்பதும். "ரீச்சர், சேறில்லை, வெட்டத் தேவையில்லை, எப்பவும் பச்சை" என்கிறார்கள். உண்மைதான். அதன் கீழே மண்புழுவும் மேலே வர வழியில்லை, மேலே பிளாக்பேர்டுக்கும் சாப்பாடில்லை. முன்வளவில் ஐந்து சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் உள்ளே இறங்காதபடி கல் பதிப்பதென்றால், மழைத்தண்ணி தெருவுக்கு ஓடாமல் மண்ணில் இறங்க வேறு வழி செய்யாத இடத்தில், 2008இல் இருந்து இங்கிலாந்தில் திட்டமிடல் அனுமதி வேண்டும் என்பதாவது எல்லோருக்கும் தெரியுமா? ஒரு மழைக்குத் தெரு வெள்ளமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். நடைபாதையிலும் படியிலும் கிடக்கும் ஈர இலை வழுக்கும், வயது போனவர்கள் விழுவார்கள். அதைக் கூட்டுங்கள். புல்லின் மேல் மொத்தமாகக் கிடந்தால் புல் அழுகும். அதை வாரி எடுங்கள். எலி வரும் என்ற பயமும் நியாயமானதுதான். எலி வருவது பெரும்பாலும் சாப்பாட்டு மிச்சத்துக்கும் அளவுக்கு மிஞ்சிச் சிந்திய குருவித் தீனிக்கும். சோறும் கறியும் தோட்டத்தில் கொட்டாதீர்கள். ரோசாவில் கறுப்புப் புள்ளி நோய் பிடித்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். குதிரைக் கஷ்கொட்டை மரம் பக்கத்தில் இருந்தால் அதன் இலையையும் அகற்றுவது நல்லது. அந்த மரத்தின் இலைகள் ஓகஸ்டிலேயே பழுப்பாவது இலையுதிர்காலத்தால் அல்ல. இலைக்குள் துளைக்கும் ஒரு சின்ன அந்துப்பூச்சியின் குடம்பியால். 2002இல் விம்பிள்டனில் முதலில் காணப்பட்ட அந்தப் பூச்சி விழுந்த இலைக்குள்தான் குளிரைக் கழிக்கும்.

ஆக, என் வேண்டுகோள் ஒன்றும் பெரிதில்லை.

வாரிய இலையை வேலியோரத்தில், மரத்தடியில், ஒரு மூலையில் குவித்துவிடுங்கள். ஒரு மூலை போதும்.

காய்ந்த செடித் தண்டுகளை வசந்தம் வரை நிற்க விடுங்கள். வெறும் தண்டுக்குள் லேடிபேர்ட் வண்டுகள் முதல் எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன.

வேலிப் பலகையின் அடியில் 13 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு ஓட்டை வெட்டுங்கள், பக்கத்து வீட்டாரையும் கேட்டு. ஊரில் வேலிக்கு வேலி பொட்டு இருந்ததல்லவா? அம்மாமார் கறிக்கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போன பொட்டு. அதேதான். முள்ளெலி ஓர் இரவில் ஒன்றிரண்டு கிலோமீற்றர் நடக்கும். பொட்டில்லாத வேலி அதற்குச் சிறைச்சாலை.

அதற்குப் பால் வைக்காதீர்கள், வயிற்றைக் கெடுக்கும். ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். நத்தைக்குப் போடும் மெற்றல்டிகைட் நஞ்சு 2022 வசந்தத்தில் இருந்து இங்கே தடை. பழைய பெட்டி ஏதாவது கொட்டிலுக்குள் கிடந்தால் கவுன்சிலின் கழிவு நிலையத்தில் ஒப்படையுங்கள்.

நவம்பர் 5க்கோ, தீபாவளி கொண்டாட்டத்துக்கோ விறகு குவித்துக் கொளுத்துபவர்கள், கொளுத்துவதற்கு முன் குவியலை இடம் மாற்றி அடுக்குங்கள். உள்ளே முள்ளெலி படுத்திருக்கலாம்.

பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு வேலையும் தருகிறேன். ரீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடியுமா? ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். முதல் சிலந்தி வலை எப்போது கண்டோம், ஐவி எப்போது பூத்தது, கறிவேப்பிலைச் சாடி எந்தத் திகதி உள்ளே வந்தது, முதல் மஞ்சள் இலை எப்போது விழுந்தது என்று எழுதச் சொல்லுங்கள். நோர்போக்கில் றொபேட் மார்ஷம் என்பவர் 1736இல் தன் தோட்டத்தில் வசந்தத்தின் அடையாளங்களை இப்படி எழுதத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக 1958 வரை எழுதினார்கள். காலநிலை எப்படி மாறியிருக்கிறது என்று இன்று ஆராய்கிறவர்களுக்கு அந்தக் குறிப்புகள் பொக்கிசம்.

ஏன் இது தேவை? 2022ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 19ஆம் திகதி லிங்கன்ஷயரின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை. மழை இல்லை. ஓகஸ்டிலேயே மரங்கள் இலையைக் கொட்டின. பிள்ளைகள் "இலையுதிர்காலம் வந்திட்டுது" என்றார்கள். அது உண்மையான இலையுதிர்காலம் இல்லை. தண்ணீர் இல்லாத மரம் உயிரைக் காப்பாற்ற இலையை விட்டது, அவ்வளவுதான். கறுத்த முந்திரிபோலச் சுருங்கிய பிளாக்பெரிகளும் ஞாபகம் இருக்கும். பழம் முந்திக்கொண்டு முடிந்தால், செப்டெம்பரில் அதைத் தேடி வரும் குருவிக்கு என்ன மிஞ்சும்? எது வழமை, எது வழமைக்கு மாறு என்று சொல்லவேண்டுமானால், வழமை என்ன என்று முதலில் எழுதி வைத்திருக்கவேண்டும். எங்கள் பிள்ளைகள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். இந்த மண்ணின் பருவத்தை அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் கடமை எங்களுக்கு இருக்கிறது. ஊர்ப் பருவத்தைக் கதையாகச் சொல்வோம். இந்த ஊர்ப் பருவத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவோம்.

"பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எங்களை ஊத்தையான ஆக்கள் எண்டு நினைப்பினமே" என்று ஒரு தங்கச்சி சென்ற வருடம் என்னிடம் கேட்டார். இந்தப் பயம் எங்களில் பலருக்கு உள்ளே இருக்கிறது. வந்தேறிகள் வளவை ஒழுங்காக வைத்திருப்பதில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற பயம். அதற்கு நான் சொன்ன பதில்: முன்வாசலைப் பளிச்சென்று வைத்திருங்கோ தங்கச்சி. பின்மூலை இலைக் குவியலுக்குப் பக்கத்தில் "முள்ளெலிக்காக" என்று ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பலகை எழுதி நட்டுவிடுங்கோ. அவர் நட்டார். அதைக் கண்ட பக்கத்து வீட்டு அம்மா தன் வேலியிலும் ஓட்டை வெட்டச் சம்மதித்திருக்கிறார்.

உங்கள் தோட்டத்தில் இந்தக் கிழமை என்ன கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். எந்த ஊர், எந்தத் திகதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் என் கொப்பியில் குறித்துவைக்கிறேன்.